பகலில் எரியும் விளக்கு

நண்பகல் நேரம். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று வருகின்றது. வெயில் கண்ணைப் பறிக்கின்றது. ஆயினும் அவ்வண்டியின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கின்றது. தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் அதனைக் கண்டு, கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் குவித்தும் விரித்தும் காட்டுகின்றார். "தம்பி, விளக்கு எரிகிறது, அணைத்துவிடு" என்பது அச்சைகையின் பொருள். வண்டியில் செல்பவன் முறுவலித்துத் தலையை அசைத்துவிட்டுப் போகின்றான். அவனால் அவ்விளக்கை அணைக்க இயலாது. அதனை அணைப்பதற்கென்று அவ்வண்டியில் பொத்தானே இல்லை.

முன்பின் அறியாத ஒருவனுடைய பாட்டரி வீணாகிவிடுமே என்று கவலையுறும் இப்பண்பு தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுங்காலமாக நிலவி வருவதாகும். ஆனால், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு இந்தியாவில் செய்யப்படும் புதிய இருசக்கர வண்டிகளில், எஞ்சின் இயங்கத் தொடங்கியவுடன் முன்விளக்குத் தானே எரிதல் வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. கதிரவன் காயும் பொழுதில் விளக்கு எதற்கு? வழியைக் காண்பதற்கு அன்று; வருபவன் பிறரால் காணப்படுவதற்கே அவ்விளக்கு. பட்டப்பகலில், அகன்ற சாலையில், தம் கண்ணெதிரே வரும் மோட்டார் சைக்கிளை மக்கள் காண்பதில்லை என்னும் உண்மையை உலகம் உணர்ந்துகொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கு அவ்வண்டியில் செல்வோரைப் பற்றி ஊரார் கொண்டிருந்த எண்ணம் ஒன்று. சாலையில் அவர்களுக்கு நேர்ந்த கதியோ முற்றிலும் வேறொன்று.

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றது. படையிலிருந்து திரும்பிய இளைஞர் பலர் போர்க்களத்திலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள். படைக்கெனச் செய்யப்பட்ட வண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. வார இறுதிகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊர்சுற்றப் புறப்பட்டனர். கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்பது உழவர்கள் வாழும் ஒரு சிறிய ஊர். போருக்கு முன்னரே அங்கு மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றதுண்டு. 1947ஆம் ஆண்டு சூலை மாதம், அமெரிக்க விடுதலை நாளை ஒட்டி, அப்பந்தயங்கள் மீண்டும் நடத்தப்பெற்றன. ஏறத்தாழ 4,500 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஏறத்தாழ 4,000 பேர் வந்து குவிந்தனர். ஊர்க் காவலரோ எழுவர். தங்குவதற்கு விடுதிகள் போதவில்லை. பலர் நடைபாதையிலும் பூங்காவிலும் படுத்துறங்கினர். சிலர் குடித்துவிட்டு முதன்மைத் தெருவில் வண்டிகளை விரைந்தோட்டிப் போட்டியிட்டனர். மது அருந்தும் கடைகளுக்குள்ளேயே வண்டியோடு நுழைந்தவர்களும் உண்டு. உடைந்த புட்டிகள் தெருவெங்கும் கிடந்தன. ஏறத்தாழ ஐம்பது பேர் சிறை செய்யப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் குடித்துக் கூச்சலிட்டதும், பொறுப்பின்றி வண்டி ஓட்டியதுமே. அதே அளவினர் காயமுற்றனர். ஊர் தீக்கிரையாகவில்லை, உயிரிழப்பும் நேரவில்லை.

இச்செய்தி அத்துடன் மறைந்திருக்கக்கூடும். ஆனால், நாடெங்கும் பல இலட்சம் மக்கள் படித்துவந்த 'லைஃப்' என்னும் வார இதழ் அதே மாதத்தில் ஒரு முழுப்பக்கப் படத்தை வெளியிட்டது. பருத்த மனிதன் ஒருவன் மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கின்றான். இரு கைகளிலும் மதுப்புட்டிகள். சக்கரத்தின் கீழே காலிப்புட்டிகளின் குவியல். அப்படம் இயல்பாக எடுக்கப்பட்டதா, புட்டிகளை வேண்டுமென்றே அடுக்கிவைத்து எடுக்கப்பட்டதா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஐயம் எழுந்து என்ன பயன்? படத்தைக் கண்டவர்களுள் நூற்றில் ஒருவரேனும் அந்த ஐயத்தைக் கேள்வியுற்றிருப்பார்களா என்பதே ஐயம். மோட்டார் சைக்கிளில் வருபவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்னும் உருவம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ஹாலிஸ்டர் நிகழ்ச்சியை ஒட்டி ஒரு சிறுகதை எழுந்தது; அக்கதையிலிருந்து 1953ஆம் ஆண்டில் மார்லன் பிராண்டோ நடித்த திரைப்படம் ஒன்று தோன்றியது. அப்படத்தைக் கண்டு அஞ்சிய ஆங்கில நாட்டுத் தணிக்கைக் குழுவினர், 1967ஆம் ஆண்டு வரை அதனைத் தம் நாட்டில் காட்ட இசைவு தரவில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்குடையோர் என்றும், எஞ்சிய ஒருவரே தீயோர் என்றும் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் அக்காலத்தில் அறிக்கை விட்டனர் என்று கூறுவர். அத்தகைய அறிக்கையை வெளியிட்டதற்குத் தம்மிடம் சான்று ஏதும் இல்லை என்று அச்சங்கத்தாரே பின்னர்க் கூறியுள்ளனர். சொல்லப்பட்டதோ, சொல்லப்படவில்லையோ, அச்சொல் பரவியது. அதன் விளைவு வியப்பானது. முரட்டுக் கூட்டத்தார் சிலர், 'அந்த ஒருவர் நாங்களே' என்று பெருமிதம் கொண்டு, அதனைக் குறிக்கும் எண்ணைத் தம் சட்டையில் தைத்துக்கொண்டனர். தொண்ணூற்றொன்பது பேரைக் காப்பதற்கு எழுந்ததாகச் சொல்லப்படும் வாக்கியத்திலிருந்து அந்த ஒருவன் மட்டுமே புகழ் பெற்றான்! அலுவலகம் செல்லும் எழுத்தரும், கல்லூரி மாணவனும், தபால் கொண்டுசெல்பவனும் அவனுடைய நிழலில் மறைந்து போயினர்.

இந்த உருவத்தை ஓரளவு மாற்றியவர்கள் அறநெறி புகட்டியவர்கள் அல்லர், வணிகர்கள். சப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனம் 1959ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கடை திறந்தது. ஐம்பது கன சென்டிமீட்டர் அளவே கொண்ட, ஓசை குறைந்த, பாவாடை அணிந்த பெண்ணும் எளிதில் ஏறி அமரக்கூடிய சிறுவண்டி அதன் முதன்மைப் பொருள். அதனைத் தாயும் மகளும், மாணவரும், அங்காடி செல்வோரும் ஓட்டிச்செல்வது போன்ற வண்ணப்படங்களை 1963ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இதழ்கள்தோறும் வெளியிட்டது. இத்தகைய வண்டியில் செல்வோர் மிக நல்ல மனிதர்கள் என்பதே அவ்விளம்பரத்தின் செய்தி. மோட்டார் சைக்கிள் கடைப்பக்கம் அதுவரை தலைகாட்டாத குடும்பங்கள் வண்டி வாங்கத் தொடங்கின. ஒரு படம் கெடுத்த பெயரை வேறு படங்கள் சற்றுத் துடைத்தன எனலாம்.

பெயர் சற்றுத் துலங்கியது. சாலையில் நிகழ்ந்த சாவு குறையவில்லை. வண்டிகள் பெருகப் பெருக விபத்துகளும் பெருகின. 'யார் மேல் தவறு?' என்று கேட்டால், பெரும்பாலோர் கேள்வி முடியுமுன்னரே விடை பகர்ந்தனர். 'மோட்டார் சைக்கிள்காரன்தான், கண்மண் தெரியாமல் வந்திருப்பான்' என்பதே அவ்விடை.

அவ்விடை மெய்தானா என்பதனை ஆராய முற்பட்டார் ஹாரி ஹர்ட் என்னும் பேராசிரியர். அவர் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். கப்பற்படை விமானிகளுக்குப் பறத்தலின் இயல்பை விளக்கும் நூல் எழுதியவர். தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். விமானம் ஒன்று வீழ்ந்தால் அதன் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி எடுத்துக் காரணம் தேடுவார்கள் அன்றோ? அத்தகைய பொறுமையோடு அவரும் அவருடைய குழுவினரும் 1976, 1977ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்தனர். அவையன்றி, காவல்துறையினர் எழுதிவைத்த 3,600 அறிக்கைகளையும் படித்தனர். விபத்து நிகழ்ந்த இடத்திற்கு விரைந்து சென்று, தரையில் டயர் தேய்ந்த கோட்டை அளந்தனர். நொறுங்கிய வண்டியையும் தலைக்கவசத்தையும் சோதித்தனர். பிழைத்தவரிடமும் எதிர் வண்டிக்காரரிடமும் வினவினர். இவ்வளவோடு நில்லாமல், பின்னர் அதே கிழமையில் அதே நேரத்தில் அதே இடத்திற்குச் சென்று, விபத்தின்றி அவ்வழியே செல்லும் ஓட்டிகள் 2,300க்கும் மேற்பட்டோரைப் பற்றியும் செய்திகளைத் திரட்டினர். விபத்துற்றவன் மற்றவர்களிடமிருந்து எவ்வகையில் வேறுபட்டான் என்று அறிய வேண்டுமாயின், விபத்துறாதவனையும் ஆராய்தல் வேண்டும் அன்றோ? இம்முறையின் சிறப்பு அதுவே.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் முடிவுகள் பலரைத் திகைக்கவைத்தன. விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மோட்டார் சைக்கிளும் வேறு வண்டியும் மோதிக்கொண்டவை. அத்தகைய மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மற்ற வண்டியின் ஓட்டுநரே காரணர். மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை அவர்தாம் மறித்தார். பெரிதும் நிகழ்ந்த மோதல் ஒரே வகையானது. மோட்டார் சைக்கிள் நேராக வருகின்றது. எதிரே வரும் கார் சாலைச் சந்திப்பில் அதன் குறுக்கே திரும்புகின்றது. வலப்புறம் செல்லும் முறையுடைய அமெரிக்காவில் அஃது இடப்பக்கத் திருப்பம். இடப்புறம் செல்லும் நம் நாட்டு முறையில் அது வலப்பக்கத் திருப்பமாகும். காரோட்டியை வினவினால் அவர் கூறும் விடையும் ஏறக்குறைய ஒன்றே: 'நான் அவரைப் பார்க்கவே இல்லை' அல்லது 'பார்த்தபொழுது காலம் கடந்துவிட்டது'.

வேகத்தைப் பற்றிய பேச்சும் பொய்த்தது. அபாயம் தோன்றிய வேளையில், ஆராயப்பட்ட வண்டிகளிற் பாதி மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அபாயம் தோன்றியதற்கும் மோதியதற்கும் இடைப்பட்ட நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவே. மணிக்கு 48 கிலோமீட்டர் செல்லும் வண்டி இரண்டு நொடியில் ஏறத்தாழ 27 மீட்டர் கடக்கும். அதற்குள் ஓட்டுபவன் அபாயத்தை உணர்ந்து, முடிவு செய்து, இரு பிரேக்குகளையும் அளவோடு அழுத்தி, வண்டி சாயாமலும் காத்தல் வேண்டும். தேர்ந்தவனுக்கும் அரிய செயல் அது.

'பார்க்கவே இல்லை' என்று சொன்ன காரோட்டிகள் பொய்யுரைத்தார்களா? பெரும்பாலும் இல்லை. மோட்டார் சைக்கிள் எதிரே வரும்பொழுது அதன் அகலம் ஒரு மனிதனின் தோளகலத்தினும் சற்றே மிகுதி. காரின் முகப்புக் கண்ணாடியைத் தாங்கி நிற்கும் தூண் ஒன்றே அதனை முழுவதும் மறைத்துவிடப் போதும். மறைக்காவிடினும் வேறொரு மயக்கம் உண்டு. சிறிய உருவம் ஒன்று நேர் எதிரே வரும்பொழுது, அது தொலைவில் இருப்பதாகவும் மெல்ல வருவதாகவும் கண் எண்ணிக்கொள்கின்றது. பெரிய லாரி அதே தொலைவில் அதே வேகத்தில் வந்தால் உடனே வந்துவிடும் என்று அஞ்சி நிற்கின்றது. இன்னொன்று: தலையைத் திருப்பிச் சட்டென்று இருபுறமும் நோக்கும்பொழுது விழி இடத்துக்கு இடம் தாவுகின்றது, தாவும் அச்சிறு கணங்களில் பார்வை பெரிதும் மங்கிவிடுகின்றது. அந்த இடைவெளியில் ஒரு சிறுவண்டி மறைந்துபோதல் எளிது.

இவை கண்ணின் குறைகள். மனத்தின் குறை இவற்றினும் பெரிது. மனம் எதனை எதிர்பார்க்கின்றதோ அதனையே பெரும்பாலும் காண்கின்றது. சாலையை நோக்கும் காரோட்டி, தன்னை அறியாமலே, மற்றொரு காரையோ லாரியையோ தேடுகின்றார். அவை இல்லை என்று கண்டவுடன் சாலை வெறுமையாக உள்ளது என்று முடிவு செய்துவிடுகின்றார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தார் சாலைக் காட்சிகளைப் படங்களாகக் காட்டி ஆராய்ந்தபொழுது, படத்தில் இருந்த மோட்டார் சைக்கிளைக் காணத் தவறியவர்கள், வாடகைக் காரைக் காணத் தவறியவர்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கினர் என்று கண்டனர். இரண்டும் கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தன.

ஹர்ட்டின் ஆராய்ச்சியில் மறைந்துகிடக்கும் ஒரு சிறு வரி ஈண்டுக் கருதத்தக்கது. மோட்டார் சைக்கிளோடு மோதிய காரோட்டிகள் பொதுவாக அவ்வண்டியைப் பற்றிய பழக்கம் இல்லாதவர்கள் என்பதே அது. ஐரோப்பிய விபத்துகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்றும் இதனையே வேறு முகத்தால் உரைத்தது: காரோட்டும் உரிமத்தோடு மோட்டார் சைக்கிள் உரிமமும் உடையவர்கள் இத்தகைய மோதல்களுக்குக் காரணராதல் குறைவு. தாமே அதில் சென்று மழையில் நனைந்து, பள்ளத்தில் தடுமாறி, லாரியின் காற்றில் அலைக்கழிந்தவர் அவ்வண்டியை எதிர்பார்க்கின்றார், ஆதலின் காண்கின்றார். ஹாலிஸ்டர் படத்தைக் கண்டு 'இவர்கள் நம்மைச் சேர்ந்தவர்கள் அல்லர்' என்று ஒதுங்கிய சமூகம், சாலைச் சந்திப்பிலும் அவர்களைக் காணாமற்போனது முற்றும் தற்செயல் என்று கொள்வது கடினம்.

இவ்வாராய்ச்சி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்துவிடவில்லை. வேறு வண்டி எதுவும் தொடர்புறாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கிற்கு ஓட்டுபவனுடைய பிழையே காரணமாயிற்று. உயிர்போக்கிய விபத்துகளில் ஏறத்தாழப் பாதியில் மதுவின் தொடர்பு இருந்தது. விபத்துற்றவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள்; தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ கற்றுக்கொண்டவர்கள். தலைக்காயத்தைத் தடுப்பதில் தலைக்கவசத்திற்கு இணையானது வேறில்லை என்றும் அவ்வறிக்கை வற்புறுத்தியது. ஆயினும், ஓட்டுவோர் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் கலிபோர்னியாவில் 1992ஆம் ஆண்டிற்றான் நடைமுறைக்கு வந்தது. உண்மை வெளிப்படுவதற்கும் அது சட்டமாவதற்கும் இடையே பதினோராண்டு கடந்தது.

விளக்கின் கதைக்கு வருவோம். பகலிலும் முன்விளக்கை எரியவிட்டுச் செல்லும் வண்டிகளும், பளிச்சென்ற மேற்சட்டை அணிந்தோரும் இத்தகைய மோதல்களில் குறைவாகவே சிக்கினர் என்பதனை ஹர்ட் குழுவினர் கண்டனர். 1978ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களில் விளக்குத் தானே எரிதல் வேண்டும் என்று கலிபோர்னியா முன்னரே விதித்திருந்தது. ஐரோப்பிய நாடுகளும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. இந்தியாவை அவ்வொளி வந்தடைய ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின.

காரும் மோட்டார் சைக்கிளும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதற்குக் கலிபோர்னியா வேறொரு வழியும் கண்டது. போக்குவரத்து நெருக்கடியில் கார்கள் வரிசையாக நிற்க, மோட்டார் சைக்கிள்கள் இரு வரிசைகளுக்கு இடையே புகுந்து முன்னேறுவது அங்கு நெடுநாள் வழக்கம். காத்துநிற்பவர்களுக்கு அது முறைகேடாகத் தோன்றியது இயல்பே. ஆனால், பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, சுற்றியுள்ள வண்டிகளினும் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் மிகாத வேகத்தில் சென்றால் அது மிகுந்த அபாயம் உடையதன்று என்றது. 2016ஆம் ஆண்டில் அம்மாநிலம் அவ்வழக்கத்தைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே காரோட்டி சற்று ஒதுங்கி வழிவிடுவதும், இடையே செல்பவன் கையை உயர்த்தி நன்றி காட்டுவதும் காணக்கூடிய காட்சிகள். அந்தக் கை உயரும் ஒரு நொடியில், பல ஆண்டுப் பகை கொஞ்சம் தேய்கின்றது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கு இருசக்கர வண்டி விந்தையானதொன்றன்று. முரட்டுக் கூட்டத்தின் சின்னமும் அன்று. பால்காரரின் வண்டியும் அதுவே. ஆசிரியையின் வண்டியும் அதுவே. கணவனும் மனைவியும் குழந்தையும் சந்தைக்குச் செல்லும் குடும்ப வண்டியும் அதுவே. வீட்டுக்கு வீடு அவ்வண்டி நிற்பதனால், காரோட்டும் பலர் முன்னர் அதனை ஓட்டியவர்களே. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில், ஏறத்தாழ நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்று மைய அரசின் அறிக்கை கூறுகின்றது. பழக்கம் காணச் செய்யும் என்பது மெய்யே. ஆயின், கார் வாங்கிய சின்னாட்களில் பழைய பழக்கத்தை மறந்துவிடுவோரும் உளர். சாலையோரம் நிறுத்திய காரின் கதவைப் பின்னே நோக்காமல் திறப்பவர் ஒருவர். எதிரே வருபவன் கண் கூசுமாறு இரவில் முகப்பொளியை உயர்த்தியே வைத்திருப்பவர் ஒருவர். மழைநீர் தேங்கிய இடத்தில் விரைந்து சென்று ஸ்கூட்டரில் செல்பவரைச் சேற்றில் குளிப்பாட்டுபவர் ஒருவர். இரைச்சல் அடக்கும் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, உறங்கும் தெருவை உலுக்கிச் செல்லும் இளைஞனும் இருக்கின்றான். அவன் ஒருவன் கடந்து சென்றபின், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்று திண்ணையில் எழும் குரல், ஹாலிஸ்டர்ப் படத்தைக் கண்டவர்களின் குரலே. அவனுக்குப் பின்னால் ஓசையின்றிச் சென்ற இருபது வண்டிகளை அத்திண்ணை கண்டதில்லை.

ஆயினும், அத்திண்ணைக்கு வேறு குரல்களும் உண்டு. வண்டியைத் தாங்கிநிற்கும் கம்பியை மடக்காமல் ஒருவன் புறப்பட்டால், அடுத்த வளைவில் அக்கம்பி தரையில் இடித்து அவன் விழுவான். அதனைக் கண்டவுடன் வழியிற் செல்வோர், 'சைடு ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு!' என்று கூவுகின்றனர். சிலர் தம் வண்டியை விரைவாகச் செலுத்தி, அவனை எட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டுத் திரும்புகின்றனர். பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் பெண்ணின் முந்தானை சக்கரத்தை நோக்கிப் பறக்கும்பொழுது, 'அம்மா, சேலையைப் பாருங்க!' என்னும் குரல் ஏதோ ஒரு கடையிலிருந்து எழுகின்றது. பின்சக்கரத்தில் ஆடை சிக்காதவாறு அதன் பாதியேனும் மறைக்கப்படுதல் வேண்டும் என்று இந்திய மோட்டார் வாகன விதிகள் பணிக்கின்றன. ஆனால், வலையைத் தாண்டிப் பறக்கும் துணியைக் காண்பது தெருவில் நிற்பவரின் கண்தான். புதிய வண்டிகள் பலவற்றில், தாங்கும் கம்பி மடக்கப்படாவிடின் எஞ்சின் இயங்குவதில்லை. ஆதலின் அக்குரலுக்குத் தேவை குறைந்து வருகின்றது. முந்தானைக்கு அத்தகைய கருவி எதுவும் வரவில்லை. தேநீர்க் கடைப் பெரியவரோ, 2017ஆம் ஆண்டின் விதியை அறியாதவராய், அடுத்து வரும் வண்டியை நோக்கி மீண்டும் கையை உயர்த்துகின்றார்.